குழித்தறிக்குள் ஒரு விமானப் பொறியாளர்

"செருப்பை வெளியே விட்டுடுங்க. தலையைக் குனிஞ்சு வாங்க. எந்த இழையையும் தொட்டுடாதீங்க."

சொல்லிக்கொண்டே அவர் முன்னால் போக, நானும் நிலைப்படியில் குனிந்து பின்னாலேயே நுழைந்தேன். உள்ளே பாதி அறையை ஒரு தறி அடைத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் ஒரு குடும்பமே வாழ்ந்துகொண்டிருந்தது! சுவரில் முருகன், அதற்குக் கீழே மின்கட்டண அட்டை, அதற்கும் கீழே கொடியில் காயும் துண்டு. மூலையில் அரிசி மூட்டை. அரிசி மூட்டைக்கும் தறிக்கும் நடுவில், பழைய சைக்கிள் சக்கரத்தில் செய்த ராட்டையைச் சுற்றியபடி ஒரு பாட்டி. ஜவுளிக் கடையில் ஏசி குளிரில், வெள்ளை மெத்தையில் உட்கார்ந்து நாம் புரட்டிப் பார்க்கும் பட்டுப்புடவை பிறக்கும் இடம் இதுதான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதை முதலில் பார்ப்பது?

என்னை அழைத்துவந்தவர் இந்த வீட்டுப் பிள்ளை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம், விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் பாகங்கள் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் மேனுஃபேக்சரிங் இன்ஜினியர். நிறுவனத்தின் பெயரை எழுதக் கூடாது. வேலைக்குச் சேரும் அன்றே ரகசியக் காப்புக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "நீங்க அங்க என்னதான் வேலை பாக்குறீங்க, கொஞ்சம் காட்டுங்களேன்" என்று நச்சரித்துக்கொண்டிருந்தேன். "காட்டுறேன். ஆனா முதல்ல ஆரணிக்கு வாங்க. நான் வேலை கத்துக்கிட்ட இடம் அதுதான்" என்று சொல்லிவிட்டார்.

விடிகாலையிலேயே ஊருக்குள் இறங்கிவிட்டோம். தெருவின் நீளத்துக்கும் பாவு, அதாவது நெசவுக்கான நீள இழைகளை, விரித்திருந்தார்கள். அரக்குச் சிவப்பு இழைகள், இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்துக் கட்டப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிடும் வேகத்தில் நாலைந்து பேர். பால்காரர் வண்டியை விட்டு இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அந்த மரியாதையைப் பார்க்கவே ஒருமுறை ஆரணிக்குப் போகலாம்.

கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊரை வெளியூர்க்காரர்கள் இரண்டு பொருளால் அறிவார்கள்: அரிசி, பட்டு. காஞ்சிபுரம் பக்கத்திலேயே இருப்பதால் அதன் புகழுக்குள் ஆரணி ஒடுங்கிவிட்டதோ என்று எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு. ஆரணிப் பட்டுக்குத் தனியாகவே புவிசார் குறியீடு இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, வீட்டுக்குள் வருவோம். அப்பா குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்திருக்கிறார். இடுப்புக்கு மேலே தெரியும் நெசவாளரைத்தான் புகைப்படங்களில் பார்த்திருப்போம். குழிக்குள் எட்டிப் பார்த்தவர் உண்டா? நான் பார்த்தேன்! கால் உறுத்தாமல் இருக்க மடித்துப் போட்ட கோணி. தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்ட இரண்டு மிதிகள். என்றோ உருண்டு விழுந்த, நூல் சுற்றும் தார்க்குச்சி ஒன்று. ஒரு பிஸ்கட் காகிதம்கூட. "அது பேரனோடது" என்றார் அப்பா, குறுக்கிழையைச் சுமந்தோடும் நாடாவை நிறுத்தாமலே.

தலைக்கு மேலே மின்விசிறி இருக்கிறது. ஆனால் ஓடவில்லை. காற்று பட்டால் இழை அலையும், காயும், பிறகு அறுபடும். எனவே பட்டு சுகமாக இருக்க, மனிதர்கள் வியர்க்கிறார்கள். அப்பாவின் முதுகில் பனியன் ஒட்டிக்கிடக்கிறது. தோளில் ஒரு துண்டு; நெற்றி வியர்வை நெய்த துணியில் சொட்டிவிடாமல் இருக்க, நொடிக்கொரு தரம் துடைத்துக்கொள்கிறார். மழைக்காலம் வேறு கதை. குழியில் நீர் ஊறும், பாவு இறுகும், தறி நிற்கும். தறி நின்றால் கூலியும் நின்றுவிடும்.

"மேல பாருங்க, மேல பாருங்க" என்று தோளைத் தட்டினார் நண்பர். தறியின் உச்சியில் ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து கயிற்றில் கோத்த அட்டைகள் மாலையாகத் தொங்குகின்றன, ஒவ்வொன்றிலும் ஓட்டைகள். அப்பா ஒரு மிதி மிதித்தால், 'டடக்' என்று ஓர் அட்டை முன்னால் வந்து நிற்கிறது. ஓட்டை இருக்கும் இடத்தில் கொக்கி இழையைத் தூக்குகிறது. ஓட்டை இல்லாத இடத்தில் இழை தூங்குகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்துக்குள் நாடா பாய்கிறது. அச்சு என்னும் சீப்பு வந்து குறுக்கிழையான ஊடையை அடிக்கிறது. அடுத்த மிதி, அடுத்த அட்டை. பார்த்துக்கொண்டே இருந்தால், கரையில் ஒரு மயிலின் கால் முளைக்கிறது.

தொங்கிய அட்டைகளில் ஒன்றில் ஏதோ பளபளத்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஓர் ஓட்டையின் மேல் கல்யாணப் பத்திரிகைத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. தங்க எழுத்தில் 'சுப' மட்டும் மிச்சம். அட்டை அடிக்கும்போது ஓர் ஓட்டை கூடுதலாக விழுந்துவிட்டதாம். அப்படியே ஓட்டினால் ஒவ்வொரு மயிலுக்கும் மூக்கின் மேல் ஒரு மரு வரும். மொத்த அட்டையையும் மாற்றப் பணம் ஆகும். அம்மா பத்திரிகையைக் கத்தரித்து, பசை தடவி, அந்த ஓட்டையை அடைத்துவிட்டார். அவ்வளவுதான், மரு போச்சு!

"இதுக்கு எங்க ஃபேக்டரியில ஒரு படிவம் இருக்கு. அஞ்சு பேர் கையெழுத்துப் போடணும்" என்றார் நண்பர், அம்மாவைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டே.

அந்த ஓட்டை அட்டை சாமான்யமானதல்ல. பிரான்சின் லியோன் நகரத்து ஜோசஃப் மரி ஜக்கார்டு 1804 வாக்கில் இத்தகைய அட்டைகளால் ஓடும் தறியை உருவாக்கினார். சில பத்தாண்டுகள் கழித்து, லண்டனில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க இதே அட்டையைக் கடன் வாங்கத் திட்டமிட்டார். பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றை வீட்டிலேயே வைத்திருந்தார் பாபேஜ். அந்த ஒரு படத்தை நெய்ய 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. நண்பரின் தொழிற்சாலையில் உலோகத்தைக் குடையும் கணினி இயந்திரங்களும் இந்த வம்சம்தான். ஓட்டையா, ஓட்டை இல்லையா என்ற கேள்விதான் அவற்றின் உள்ளேயும் ஓடுகிறது.

அம்மா டீயோடு வந்தார். "வா தம்பி, உக்காரு. இவன் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான்." டீ குடிக்கும் நேரத்துக்குக்கூடத் தறியை விட்டுத் தள்ளித்தான் உட்கார வேண்டும். டம்ளர் எங்கே வைக்கலாம் என்பதற்கே வீட்டில் சட்டம் இருக்கிறது. முந்தானை நெய்யும் நாளில் தறிக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பலகாரம் கூடாது. கைவிரல் நகம் ஒழுங்காக வெட்டியிருக்க வேண்டும். நகம் சொரசொரப்பாக இருந்தால் பட்டு மாட்டிக்கொள்ளும்.

மகன் ஒருமுறை லீவில் வந்தபோது, தொழிற்சாலைப் பாணியில் சுவரில் பலகை அடித்து, கத்தரி, சீப்பு, ஊசி ஒவ்வொன்றுக்கும் அதன் உருவத்தையே வரைந்து, ஆணி வைத்துக் கொடுத்தாராம். ஒரு பொருள் காணாமல் போனால் வெற்று உருவம் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது கத்தரி இடத்தில் வண்டிச் சாவி தொங்குகிறது. கத்தரி? அம்மா இடுப்பில் செருகியிருக்கிறார். "எடுக்க நடக்கணும்ல? இங்க இருந்தா கை போன இடத்துல கிடைக்கும்" என்றார். மகன் என்னிடம் மெல்ல, "அவங்க சொல்றதுதான் சரி. கருவி ஆள் கைக்குப் பக்கத்துல இருக்கணும். இப்ப என் லைன்ல அப்படித்தான் மாத்திட்டேன்" என்றார்.

அடுத்த தெருவில் இன்னொரு தறிக்கு ஓடினோம். அங்கே பாவு பிணைக்கிறார்கள் என்று தகவல்! பழைய பாவு தீர்ந்து, புதுப் பாவு வந்திருக்கிறது. தறிக்குள் ஏற்கெனவே கோத்திருக்கும் பழைய இழையின் நுனியோடு புது இழையின் நுனியை ஒட்ட வேண்டும். ஒன்றல்ல, இரண்டல்ல, ஆயிரக்கணக்கில். எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு பெண்கள், விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு நுனிகளையும் சேர்த்து ஒரு திருகு, ஒரு தேய்ப்பு. முடிச்சு கிடையாது. முடிச்சு போட்டால் அச்சில் மாட்டும். கண் வேறு எங்கோ பார்க்கிறது, வாய் பக்கத்து வீட்டுச் சீமந்தத்தைப் பேசுகிறது, விரல் மட்டும் ஓடுகிறது. நான் ஓர் இழையைத் திருகிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "அய்யோ வேணாம்பா, மூணு புடவை வீணாப் பூடும்" என்று இருவரும் ஒரே குரலில் சொல்லி, சிரித்த சிரிப்பில் வீடே குலுங்கியது.

நண்பருக்கு இந்த இடம்தான் மிகவும் பிடிக்குமாம். தொழிற்சாலையில் ஒரு பாகத்தை முடித்துவிட்டு இயந்திரத்தை அடுத்த பாகத்துக்குத் தயார் செய்யும் நேரம் இருக்கிறதே, அதைக் குறைக்கத்தான் அவருடைய பாதி வாழ்க்கை கழிகிறது. "இவங்க பழைய இழையைப் பிடுங்கிட்டு முதல்லேர்ந்து கோக்கறதில்ல, பாத்தீங்களா? இருக்கறதோட ஒட்டி, இழுத்து விட்டுடறாங்க. யாரோ ஒருத்தர் எப்பவோ யோசிச்சிருக்காங்க. அவங்கதான் என் வேலைக்கு முன்னோர்."

மதியச் சாப்பாட்டில் மகன், விமானத்துக்கும் தறியில் நெய்கிறார்கள் என்று பேச்சை ஆரம்பித்தார். அப்பா குழியிலிருந்து எழுந்து, முழங்காலை நீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "ஏரோப்ளேன்ல தறிக்கு இன்னாடா வேலை? சும்மா அவருக்குக் கதை வுடாதே."

மகன் கைபேசியை எடுத்து ஒரு படம் காட்டினார். லீப் என்கிற விமான எஞ்சின். 2016ல் பயணிகள் விமானத்தில் பறக்கத் தொடங்கியது. இண்டிகோவின் ஏ320 நியோ விமானங்கள் பலவற்றில் இன்று இருப்பது இதுதான். அதன் முகப்பில் சுழலும் இறக்கைகள் நெய்தவை! ஆமாம், கரிம இழையை ஜக்கார்டு தறியில் நெய்கிறார்கள். சேலை மாதிரி ஒரே அடுக்காக அல்ல. அடுக்கின் மேல் அடுக்காக, அடுக்குகளையே ஒன்றோடொன்று இழையால் பிணைத்து, அடியில் தடிமனாகவும் நுனியில் மெல்லிசாகவும் வரும்படி. நெய்ததை அச்சுக்குள் வைத்து, பிசினைச் செலுத்தி, சூட்டில் இறுக வைத்தால் இறக்கை தயார். காற்றை வெட்டும் விளிம்புக்கு மட்டும் டைட்டானியம் கவசம். பழைய ஏ320 விமானங்களில் இருந்த சி.எஃப்.எம்.56 எஞ்சினில் 36 உலோக இறக்கைகள் இருந்தன. இதில் 18 போதும். நெய்பவர்கள் யார்? ஆல்பனி இன்டர்நேஷனல். 1895ல் காகித ஆலைகளுக்குக் கம்பளித் துணி நெய்து கொடுக்கத் தொடங்கிய அமெரிக்க நிறுவனம்.

அப்பா தட்டில் இருந்த கையை எடுக்கவே இல்லை. படத்தையே பார்த்தார். 'அப்படியா!' என்று வியப்பார் என நான் எதிர்பார்த்தேன். அவர் கேட்டதோ, "பாவு அறுந்தா இன்னா பண்ணுவாங்க?"

மகன் திகைத்துப் போனார். அவருடைய துறையில் பெரிய சம்பளக்காரர்கள் கேட்கும் கேள்வி அது! கரிம இழை முறுக்கினால் பொடியும், உரசினால் பிசிறும், ஒவ்வொரு இழையும் கணக்கில் இருக்க வேண்டும் என்று விளக்கத் தொடங்கினார். "பட்டை விட மோசமான சரக்கு போலக்கீதே" என்று அப்பா அனுதாபப்பட்டார்.

அம்மாவுக்காக நிலாக் கதை ஒன்றையும் எடுத்துவிட்டார் மகன். 1969ல் மனிதனை நிலவில் இறக்கிய அப்பல்லோ கலத்தின் கணினி நினைவகத்தை, மாசசூசெட்ஸ் மாநிலம் வால்தமில் ரேதியான் தொழிற்சாலைப் பெண்கள் ஊசியும் கம்பியுமாகக் கையால் பின்னினார்கள். கம்பி காந்த வளையத்துக்குள் போனால் ஒன்று. வெளியே போனால் பூஜ்யம். ஒரு கம்பி தவறினால் கணக்கு தவறும். "கூலி எவ்ளோ குடுத்தாங்களாம்?" என்றார் அம்மா. இந்த வீட்டில் எந்தக் கேள்வியும் வீண் கேள்வி இல்லை.

கோர்வை போடுவதையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். இரண்டு ஊடைகளும் கரை ஓரத்தில் ஒன்றையொன்று கொக்கி போட்டுத் திரும்ப வேண்டும். ஒருவரால் ஆகாது. அப்பா குழியில், அந்தப் பக்கத்துக் கரைக்கு அம்மா. நாடா போகும், நிற்கும், திரும்பும். பேச்சே இல்லை. அப்பாவின் கால் சத்தத்தை வைத்தே அம்மாவின் கை போகிறது. நெய்த பாகம் உள்ளே சுருங்கிவிடாமல் இருக்க, இரண்டு முனையிலும் ஊசி வைத்த ஒரு குச்சியைத் துணியின் குறுக்கே விரித்துப் பிடித்திருந்தார்கள். "அந்தக் குச்சியை ஞாபகம் வெச்சுக்கங்க" என்றார் நண்பர்.

திங்கட்கிழமை இரவு ஷிஃப்ட். அவருடைய தொழிற்சாலை. வாசலிலேயே என் கைபேசி கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சட்டைப்பையில் மூடி கழன்று விழக்கூடிய பேனா, காசு, சூயிங்கம் எதுவும் உள்ளே கூடாது. விமானத்துக்குப் போகும் பாகத்தில் அந்நியப் பொருள் ஒன்று ஒளிந்துகொண்டால் யார் பொறுப்பு? கருவிப் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஸ்பாஞ்சில் அதன் வடிவத்திலேயே பள்ளம். ஷிஃப்ட் முடியும்போது ஒரு பள்ளம் காலியாக இருந்தால், அது கிடைக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

இயந்திரங்களின் நெற்றியில் போன ஆயுத பூஜைச் சந்தனம் இன்னும் இருக்கிறது! கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கியவை. பொட்டு வைக்காமல் விடுவார்களா? கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வெள்ளைக் குழம்பாகக் குளிர்நீர் பீய்ச்ச, அலுமினியக் கட்டியைக் குடைந்துகொண்டிருந்தது ஒன்று. பக்கத்துத் தொட்டி நிறைய வெள்ளிச் சுருள்கள். இந்த மாதிரிப் பாகங்களில் கட்டியின் பெரும்பகுதி சுருளாகத்தான் போகும். மிச்சம் நிற்கும் மெல்லிய எலும்புக்கூடுதான் பறக்கும்.

மேனுஃபேக்சரிங் இன்ஜினியருக்குத் தனி அறை இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவருடைய மேசை இயந்திரத்துக்கும் குடிநீர்க் கேனுக்கும் இடையில் இருக்கிறது. மேலே ஒரு டிராயிங். அதன் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு வட்டம் போட்டு எண் கொடுத்திருக்கிறார். அதற்குப் பெயர் பலூன். புதுப் பாகம் முதன்முதலாகச் செய்யும்போது ஒவ்வொரு பலூனையும் அளந்து எழுதி நிரூபிக்க வேண்டும். வரைந்தவர் வரைந்துவிட்டுப் போய்விடுவார். எந்தப் பக்கம் முதலில் குடைவது, எங்கே பிடிப்பது, எந்தக் கட்டர், எப்படி அளப்பது என்பதெல்லாம் இவர் தலையில். அதற்குள் விற்பனைப் பிரிவிலிருந்து அழைப்பு. "எப்ப முடியும்?" பத்து நிமிடம் கழித்து மறுபடி. "எப்ப முடியும்?" எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "ஓடிட்டிருக்கு சார்."

அன்றைக்குக் குடைந்துகொண்டிருந்த பாகம் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. மெல்லிய சுவர், இயந்திரத்தில் இருக்கும்போது அளவு சரி, பிடியைத் தளர்த்தியதும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. "ஆரணிக் குச்சி!" என்று நான் கத்தியேவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். இரண்டு சுவர்களுக்கும் நடுவில், குறுக்காக, சுவரை விரித்துப் பிடிக்கும் ஒரு சின்னத் தாங்கி. இரண்டு முனையிலும் மென்மையான நைலான் பட்டை. "வடிவமைச்சது நான். ஐடியா எங்க வீட்டுது."

பாகத்தைக் கழுவி, பிசிறு நீக்கி, துணியில் ஏந்திக்கொண்டு அளவை அறைக்குப் போனோம். எப்போதும் 20 டிகிரியில் இருக்கும் அறை. உலோகம் சூட்டில் விரியும் என்பதால் உலகம் முழுக்க இந்த வெப்பத்தில்தான் அளக்கிறார்கள். மே மாதத்தில் ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு எல்லாரும் இங்கே வந்துவிடுவார்களாம். ஆய்வாளர் அக்கா வெளியே போகாதவர்களை முறைத்தார். ரூபி முனை வைத்த ஊசி இறங்கி, பாகத்தைத் தொட்டு, எழுந்து, மறுபடி தொட்டது. திரையில் பச்சை, பச்சை, பச்சை. யாரும் பேசவில்லை. அந்தச் சுவருக்கு ஊசி வந்தபோது ஆபரேட்டர் அண்ணன் கண்ணையே மூடிக்கொண்டார்.

பச்சை!

அக்கா தன் எண் பொறித்த முத்திரையை எடுத்து வேலை அட்டையில் குத்தினார். இது இல்லாமல் பாகம் ஓர் அங்குலம் நகராது. அண்ணன் நண்பரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். 2024 மே 30 அன்று சென்னை அக்னிகுல் நிறுவனத்தின் அக்னிபாண் ராக்கெட், பலமுறை தள்ளிப்போன பிறகு, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும்பியபோது அதை உருவாக்கியவர்களுக்கு வந்திருக்குமே, அந்தச் சந்தோஷம் இதுதான் என்று எனக்குப் பட்டது. ஒரே துண்டாக முப்பரிமாண முறையில் அச்சிட்ட அதன் எஞ்சினுக்குப் பின்னாலும் இப்படி எத்தனை இரவுகள், எத்தனை பலூன்கள் இருந்திருக்கும்!

நாங்கள் மேசைக்குத் திரும்புவதற்குள் கணினியில் புது மெயில். டிராயிங் ரிவிஷன் மாறியிருக்கிறது. ஒரு துளை 2 மில்லிமீட்டர் இடதுபக்கம் நகர்ந்திருக்கிறது.

அண்ணன் திரையைப் பார்த்தார், நண்பரைப் பார்த்தார். "டீ சொல்லட்டுமா தம்பி?"

"எல்லாருக்கும் சொல்லுங்கண்ணே" என்றார் நண்பர். புது டிராயிங்கை விரித்து, பலூன் ஒன்றைப் போட்டுவிட்டிருந்தார்.